ஏழா... நாற்பத்து நான்கா?

அன்று இரவு அடை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் டி.வி.யில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நிகழ்ச்சி என்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. டி.வி.யில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் பதில் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட் என்றால் ஏழாவது படிக்கும் என் மகன். விஞ்ஞானம் என்றால் பிளஸ் ஒன் படிக்கும் மகள். அரசியல் என்றால் என்னவர். சினிமாப் பாட்டு, கோயில், சமையல் மூன்றும் என் இலாகா. தோசைத் திருப்பியும் கையுமாக அடுப்படியிலிருந்தே பதில் சொல்வேன். சரியாகச் சொன்னால் யாரும் பாராட்ட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்!

"இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை எது?" என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்துபவர். 7, 27, 44, 48 என்று நான்கு விடைகள் திரையில் வந்தன.

எனக்குச் சிரிப்பாக வந்தது. இதையெல்லாமா ஒரு கேள்வி என்று கேட்பார்கள்? "ஏழு!" என்று கத்தினேன். அதே நொடியில் கூடத்திலிருந்து இன்னொரு குரலும் மெதுவாக "ஏழு" என்றது. நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா.

டி.வி.யில் இருந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாற்பத்து நான்கு" என்றார். சரியான விடை என்று கைதட்டல் கேட்டது.

"அம்மா அவுட்! அப்புச்சியும் அவுட்!" என்று மகன் குதித்தான். எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற தாத்தாவை அப்புச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "அம்மா எல்லாம் பழைய சிலபஸ்!"

அடை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். சின்ன விஷயம்தான். ஆனாலும் மனசுக்குள் சுருக்கென்றது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எனக்குத் தெரியாத விஷயம் ஆயிரம் இருக்கும். ஆனால் இந்த ஒரு கேள்வியில் நான் தோற்கலாமா? நான் பிறந்து வளர்ந்ததே அந்தச் சாலையின் மேல்தானே!

மஞ்சள் தலைக் கல்

என் பிறந்த ஊர் நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் தேசிய நெடுஞ்சாலை. ஓரத்தில் மஞ்சள் தலையோடு ஒரு கிலோமீட்டர் கல் நிற்கும். பக்கவாட்டில் 7 என்று எழுதியிருக்கும். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நான் அப்பாவுக்காகக் காத்திருப்பேன்.

அப்பா லாரி டிரைவர். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாகபுரிக்குப் போவார். நாம் பாயசத்துக்குக் கைப்பிடி ஜவ்வரிசி போடுவதோடு சரி. மராட்டியர்களுக்கு விரத நாளில் ஜவ்வரிசி உப்புமாதான் முக்கியச் சாப்பாடு. அங்கே அதற்கு 'சாபுதானா கிச்சடி' என்று பெயர். அதனால்தான் இங்கிருந்து அவ்வளவு மூட்டை அங்கே போகிறது என்று அப்பா சொல்வார். திரும்பும்போது ஒரு சாக்கில் நாகபுரி கமலா ஆரஞ்சு வரும். தெருவே மணக்கும். சில சமயம் அதற்கும் மேலே ஜபல்பூர், காசி வரை லோடு கிடைக்கும். அப்படிப் போனால் திரும்ப இருபது நாளாகும். அம்மா தினமும் விளக்கேற்றும்போது அந்தச் சாலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், "நம் நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை எண் 7. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர்" என்று எழுதிப் போட்டபோது, எனக்கு என் அப்பாவைப் பற்றியே பாடம் நடத்துவது போல இருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. முழு மார்க் வாங்கினேன்.

டி.வி.யில் வினாடி வினா என்பது 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' காலத்திலேயே பிரபலமாகிவிட்டது. ஆனால் அது ஆங்கிலம், கல்லூரி மாணவர்களுக்கானது. நம்மைப் போன்றவர்கள் அடுப்படியிலிருந்து பதில் சொல்லும் காலம் 2000-ல்தான் வந்தது. அந்த வருஷம் இந்தியில் அமிதாப் பச்சன் 'கோன் பனேகா குரோர்பதி' நடத்தினார். தமிழில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்' வந்தது. 2012-ல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. பிறகு பெண்களுக்கு மட்டுமே என்று ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'. அதில் 2020 ஜனவரியில், காது கேளாத, வாய் பேச முடியாத கௌசல்யா கார்த்திகா என்ற மதுரைப் பெண் ஒரு கோடி ரூபாய் ஜெயித்தபோது எத்தனை வீடுகளில் கண் கலங்கியிருப்பார்கள்!

2000-ல் இந்தக் கேள்வியை யார் கேட்டிருந்தாலும் 'ஏழு'தான் சரியான விடை. அப்புறம் எப்போது மாறியது? யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

காலண்டர் தாளில் ஒரு பாடம்

சாப்பாடு முடிந்ததும் மகள் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் இந்தியா படம் வரைந்தாள்.

"அம்மா, 2010-ல எல்லா நெடுஞ்சாலைக்கும் நம்பரை மாத்திட்டாங்க. முன்னே நம்பர்ல ஒரு ஒழுங்கு கிடையாது. இப்போ இருக்கு. ரொம்ப சுலபம், பாரு."

கிழக்கிலிருந்து மேற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். வடக்கே சின்ன எண்ணில் ஆரம்பித்து, தெற்கே இறங்க இறங்க எண் பெரிதாகும். அதனால்தான் 1 லடாக், காஷ்மீர்ப் பக்கம் இருக்கிறது. 87 ராமேஸ்வரத்தில் இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கே சின்னது, மேற்கே போகப் போகப் பெரிது. 2 வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து மேற்குக் கடற்கரையோரம் கேரளா, கோவா வழியாக மும்பை அருகே பன்வேல் வரை போகும் சாலை 66.

மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். சேலத்திலிருந்து கோயமுத்தூர், பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போகும் சாலையை நாம் 47 என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது அது 544. அதாவது 44-ன் பிள்ளை!

"அப்போ 44 எது?" என்றேன்.

"உன் ஏழேதாம்மா. ஸ்ரீநகர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் பழைய நெடுஞ்சாலை ஏழைச் சேர்த்து ஒண்ணாக்கிட்டாங்க. 1ஏ, 1, 2, 3, 75, 26, 7. சிலது முழுசா, சிலது துண்டு துண்டா."

ஜம்மு, ஜலந்தர், லூதியானா, பானிபட், டில்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாகபுரி, ஐதராபாத், கர்நூல், அனந்தபூர், பெங்களூர் என்று அவள் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி நம் சேலத்தில் ஒரு புள்ளி வைத்தாள். நாற்காலியில் இருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அது சரி கண்ணு... அந்த ஏழாம் நம்பர் இப்போ எங்கே போச்சு?"

மகள் செல்போனில் தேடினாள். "பஞ்சாப்ல பாசில்கான்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சு, ரிஷிகேஷ் வழியா பத்ரிநாத் தாண்டிப் போகுது அப்புச்சி."

"அட! நம்ம கூட இத்தனை வருஷம் உழைச்சுட்டு, வயசான காலத்துல பத்ரிக்குப் போயிடுச்சா! புண்ணியம் பண்ணின நம்பர்தான்" என்றாரே பார்க்கணும்! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அப்பா மெதுவாகச் சொன்னார். "வடக்கே காசி வரைக்கும் போயிருக்கேன். ஆனா இந்த ரோட்டோட தெக்கு முனையை நான் பார்த்ததே இல்லம்மா. மதுரைக்குத் தெக்கே நமக்கு லோடே அமையலை."

நான் என்னவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். இருபது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். ஆனால் கண்ணைக் காட்டவே இல்லை. 'நான் டிரைவர், என் கண்ணுக்கு என்ன?' என்பார். விழித்திரை கெட்டுப் போயிருப்பது தெரிந்தபோது நேரமாகிவிட்டது. போன பார்வை திரும்பாது, லேசர் சிகிச்சையால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இப்போது வெளிச்சத்தில் உருவங்கள் தெரியும். பெரிய எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிப்பார். அவ்வளவுதான்.

"காலாண்டு லீவு வருதுங்க" என்றேன்.

"மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடலாம்" என்றார் என்னவர். நான் கேட்காமலே சொன்னார். அதற்காகவே மறுநாள் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்பு வைத்தேன்.

பெரிய கிளீனர்

விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பினோம். கன்னியாகுமரிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன் சீட்டில் அப்பா. மகன் தனக்குத் தானே 'கிளீனர்' பதவி கொடுத்துக்கொண்டான். லாரியில் போர்டைப் படித்துச் சொல்வது கிளீனர் வேலையாம். வழியெல்லாம் கல்லையும் பலகையையும் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தான்.

மகள் ஒரு போட்டி வைத்தாள். "நாம 44-ல தெற்கே போறோம். குறுக்கே வர்ற பெரிய ரோட்டு நம்பரெல்லாம் ஏறிக்கிட்டே போகணும். சரியா வருதான்னு பார்ப்போம்." கிருஷ்ணகிரியில் குறுக்கிடும் திருவண்ணாமலை, திண்டிவனம் சாலை 77. சேலத்தில் பிரியும் உளுந்தூர்பேட்டை சாலை 79. அடுத்தது என்ன வரும்?

அதற்குள் நாமக்கல் வந்துவிட்டது. லாரிக்குக் கூண்டு கட்டும் ஊர், முட்டை ஊர், கூரையில்லாமல் வெட்டவெளியில் பதினெட்டு அடி உயரத்தில் ஆஞ்சநேயர் நிற்கும் ஊர். ஆனால் நான்கு வழிச் சாலை இப்போது ஊருக்குள் போவதில்லை. வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. நான் உட்கார்ந்த மஞ்சள் கல் சாலையை அகலப்படுத்தியபோதே போய்விட்டது. புளியமரங்களும் இல்லை. "நாமக்கல் வந்தாச்சா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "தாண்டிட்டோம்ப்பா" என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம். வெற்றிலைக் கொடிக்கால் ஊர் இது. தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போனது. அப்பா கைகூப்பினார். "வடக்கே போறப்போ தென்பெண்ணை, துங்கபத்திரை, கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை, கடைசியில கங்கை... எல்லாத்தையும் தாண்டியிருக்கேன். நம்ம வீட்டு ஆத்துக்குக் கும்பிடு போட இப்பத்தான் நேரம் கிடைச்சுது" என்றார்.

மகள் உடனே பேப்பரை எடுத்தாள். "அப்புச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க! இது பெரிய கேள்வியாச்சே. இதே ரோட்ல எந்தெந்த ஆறு வரும்னு யாருமே கேட்டதில்லை."

அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. கரூரில் கோவை, திருச்சி சாலை குறுக்கிட்டது. எண் 81. காரில் ஒரே கைதட்டல். அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டங்கள் வந்தன. அப்பா தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொன்னார். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் இருக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால், கொஞ்ச தூரத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். "ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். தொப்பூர்ல நியூட்ரல் போட்டவன் பொண்டாட்டிக்குக் கடுதாசி போட முடியாது" என்றார். என்னவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்.

மத்தியப் பிரதேசத்தில் சியோனி தாண்டி நாகபுரிக்கு வரும் வழியெல்லாம் காடு. ராத்திரியில் வண்டியை நிறுத்தவே மாட்டார்களாம். அந்த இடம் இப்போது பெஞ்ச் புலிகள் காப்பகம். சாலையை அகலப்படுத்தியபோது விலங்குகள் அடியில் கடந்து போவதற்கென்று உயரமான பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். புலி அதன் அடியில் நடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று மகள் சொன்னாள். "அப்போ புலிக்கும் பைபாஸ் வந்தாச்சா?" என்றார் அப்பா.

திண்டுக்கல்லில் 83. பழனியிலிருந்து வந்து திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் போகும் சாலை. மதுரையில் 85. தேனி, மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போவது. 77, 79, 81, 83, 85! யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஒழுங்காக யோசித்துத்தான் எண் வைத்திருக்கிறார். என் பள்ளிக்கூடத்து 7-ஐப் பறித்துக்கொண்டார்கள் என்ற கோபம் எனக்கு அங்கேதான் பாதி குறைந்தது. மனப்பாடம் பண்ணினால் மறந்துபோகும். காரணம் தெரிந்துகொண்டால் மறக்காது. எனக்கு இது நாற்பத்தாறு வயதில் புரிந்தது!

திருமங்கலம் தாண்டியதும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இனிமே எனக்கு ரோடு தெரியாது மாப்பிள்ளை. பார்த்து ஓட்டுங்க" என்றார். என் நினைவில், 'ரோடு தெரியாது' என்று அப்பா சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தெற்கு முனை

விருதுநகர், சாத்தூர் தாண்டினால் கரிசல் மண். "மண்ணு கறுப்பா தெரியுது" என்றார் அப்பா. அந்த அளவுக்குப் பார்வை இருந்ததே என்று எனக்குச் சந்தோஷம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கினோம். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். "எனக்கு?" என்று கையை நீட்டினார். விரல் நகம் அளவு உடைத்துக் கொடுத்தேன். அதைச் சப்பியபடியே கயத்தாறு வரை வந்தார். 1799-ல் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் அது. சாலையோரமே நினைவிடம். இறங்கி ஒரு நிமிஷம் நின்றோம். பாடப் புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்த மகன் வாயே திறக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஓர் ஓட்டலில் நிறுத்தினோம். சாப்பாடு பரவாயில்லை. பெண்கள் கழிப்பறையை மட்டும் கேட்காதீர்கள்! தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. ஒருவர் வெளியே காவல் நிற்க, ஒருவர் உள்ளே போய் வந்தோம். இவ்வளவு பெரிய சாலை போடத் தெரிந்த நாட்டில் ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியவில்லையே என்று அலுத்துக்கொண்டேன். இந்தக் கேள்வியை எந்த வினாடி வினாவிலும் கேட்க மாட்டார்கள்.

திருநெல்வேலியில் தாமிரபரணியைத் தாண்டி, நாங்குநேரி, வள்ளியூர் கடந்தால் இரண்டு பக்கமும் காற்றாலைகள். "என்னமோ வெள்ளையா சுத்துதே" என்றார் அப்பா. "விசிறிங்க அப்புச்சி, நூத்துக்கணக்குல!" என்றான் கிளீனர்.

கன்னியாகுமரியை நெருங்கும்போது அப்பா, "மாப்பிள்ளை, ஒரு கல்லுகிட்ட ஓரங்கட்டுங்க" என்றார். மஞ்சள் தலைக் கல் ஒன்று நின்றது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாங்களும் இறங்கினோம். குனிந்து, முகத்தைக் கல்லுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் எண்ணைப் பார்த்தார். ஒரு விரலால் முதல் நாலைத் தடவினார். பிறகு அடுத்த நாலை.

"சரி. நாற்பத்து நாலுன்னே வச்சுக்கலாம்" என்றார்.

சாயங்காலம் கடற்கரையில் நின்றோம். எதிரே விவேகானந்தர் பாறை. பக்கத்தில் 133 அடி வள்ளுவர். அப்பாவுக்கு வள்ளுவர் தெரிந்தார். "ஆள் நிக்கிற மாதிரி தெரியுது. ரொம்ப உசரம்" என்றார். கடல் அவருக்குத் தெரிந்ததா, இல்லை சத்தம் மட்டும்தான் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றார். "இதுக்கு மேலே ரோடு இல்லையா?" என்றார். "இல்லப்பா, முடிஞ்சுது" என்றேன். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திச் சாவியைச் சுவரில் மாட்டும்போது முன்பெல்லாம் அப்பா ஒரு பெருமூச்சு விடுவார். அதே பெருமூச்சை அங்கே கேட்டேன்.

வீட்டில் கேட்டுப் பார்க்க

நீங்களும் பயணத்தின்போது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். செல்போனைக் கீழே வைப்பார்கள்!

- கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால்? தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை.
- டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் சாலைத் திட்டத்தின் பெயர்? தங்க நாற்கரம். நீளம் 5,846 கிலோமீட்டர்.
- ஸ்ரீநகர் - கன்னியாகுமரி வழியும், சில்சார் - போர்பந்தர் வழியும் எந்த ஊரில் குறுக்கிடுகின்றன? ஜான்சி.
- 44-ல் ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே 2017-ல் திறந்த 9 கிலோமீட்டர் சுரங்கப் பாதை? செனானி - நாஷ்ரி.
- மிகச் சிறிய நெடுஞ்சாலை என்று பழைய புத்தகங்களில் இருந்த, கொச்சியின் வில்லிங்டன் தீவுக்குப் போகும் 47ஏ, இப்போது எந்த எண்? 966பி.

பழைய பொது அறிவுப் புத்தகம் வீட்டில் இருந்தால், 2010-க்கு முன் அச்சிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்னைப் போல ஏமாற வேண்டாம்.

காரில் கிளம்பும் முன்

- சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குச் சாப்பாட்டு வேளை தவறக் கூடாது. இட்லி, தயிர் சாதம் கையோடு எடுத்துப் போங்கள். திடீரென்று சர்க்கரை இறங்கி மயக்கம், வியர்வை வந்தால் கொடுக்க, கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ கைப்பையில் இருக்கட்டும்.
- இன்சுலினை வெயில் படும் இடத்திலோ, பூட்டிய காருக்குள்ளோ வைக்கக் கூடாது.
- இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நாலு அடி நடக்கட்டும். கால் வீங்காது. ஓட்டுகிறவருக்கும் தூக்கம் கலையும்.
- பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார வேண்டாம்.
- தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு 1033. ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.
- ஒரு பழைய தாழ்ப்பாள் கயிறும், சோப்பும், பாட்டிலில் தண்ணீரும் பெண்கள் பையில் அவசியம். காரணம் மேலே சொல்லிவிட்டேன்!

கடைசியாக ஒன்று, சகோதரிகளே. வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், கண் நன்றாகத் தெரிகிறது என்று அவர்களே சொன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் தவறவிட்டது அதுதான்.

ஊர் திரும்பி ஒரு மாதம் இருக்கும். மறுபடியும் டி.வி.யில் ஒரு வினாடி வினா. "தேசிய நெடுஞ்சாலைகளில் வடக்கு தெற்காகச் செல்பவற்றின் எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?" என்று கேட்டார்கள். நான் அடுப்படியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ரெட்டைப்படை!"

அப்பாதான். இந்தத் தடவை மெதுவாகச் சொல்லவில்லை.